குழாய்க்குள் ஒரு வெளிச்சம்

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டுக்குப் போய்வருகிற எவருக்கும் விக்டோரியா ஆஸ்பத்திரி கண்ணில் படாமல் இருக்காது. 1900 டிசம்பர் 8 அன்று வைஸ்ராய் கர்சன் பிரபு திறந்து வைத்த மருத்துவமனை அது. அதே ஆண்டில்தான் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டுமே சொந்தம்; கிட்னி கோளாறு என்றால் ஒன்று விக்டோரியா, இல்லையேல் காட்பாடிக்கு ரயில். விக்டோரியா வளாகத்திலேயே இன்று சிறுநீரக நோய்களுக்கெனத் தனி அரசு நிலையமும் இருக்கிறது. இத்தகைய இடங்களுக்கு நம்மவர் தேடிப்போகும் நோய்களில் ஒன்று, சிறுநீரகக் குழாய்ச் சுருக்கம்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் இக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். உள்துவாரம் சில மில்லிமீட்டர்தான். கல் உண்டாக்கிய தழும்பு, காசநோய், கருப்பை ஆபரேஷனில் பட்ட காயம், கதிர்வீச்சு ஆகியவற்றால் அது சுருங்கலாம். கல்லடைப்பு என்றால் வலியில் துடிப்போம். இதுவோ மெல்ல மெல்ல அடைத்தால் வலியே தெரியாது. மேலே சிறுநீரகம் வீங்கி, சத்தமில்லாமல் செயலிழந்து போகும்.

முன்பெல்லாம் விலாவுக்குக் கீழே நீளமாகக் கீறி, சுருங்கிய இடத்தை வெட்டி ஒட்டுவதுதான் வழி. இது மாறியதற்குக் காரணம் கத்தி அல்ல, வெளிச்சம். 1877ல் ஜெர்மனியில் மாக்ஸ் நிட்சே, விளக்குப் பொருத்திய குழல்வழியே சிறுநீர்ப்பைக்குள் பார்க்க வழிகாட்டினார். 1912ல் அமெரிக்காவின் ஹியூ யங், பிறவி அடைப்பால் விரிந்திருந்த ஒரு குழந்தையின் சிறுநீரகக் குழாய்க்குள்ளேயே அக்கருவியைச் செலுத்தினார். அதற்கென்றே நீண்ட கருவியை 1980ல் ஸ்பெயினின் பெரெஸ்-காஸ்ட்ரோ கொண்டுவந்தார்.

சுருக்கத்தைத் தாண்டி ஒரு சிலிக்கோன் குழாயை உள்ளே விட்டுவைக்கும் முறை 1967ல் வந்தது. ஆனால் அது வழுக்கி இறங்கிவிடும். 1978ல் ராய் ஃபின்னி இரு முனைகளையும் கொக்கிபோல் வளைத்தார். மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. அதுதான் இன்று நாம் சொல்லும் 'டி.ஜே. ஸ்டென்ட்'. இதய ரத்தக்குழாய்க்கு 1977ல் பயன்பட்ட பலூன் முறையும் சீக்கிரமே இங்கே வந்து சேர்ந்தது. பின்னர் லேசரும் வந்தது.

எல்லோருக்கும் இது போதுமா என்றால், இல்லை. குட்டையான சுருக்கத்துக்குப் பலூனும் லேசரும் கைகொடுக்கும். நீளமானதற்கு லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ உதவியோடு வெட்டி இணைக்கத்தான் வேண்டும். அதற்கும் சிறு துளைகளே போதும்.

ஆனால் தழும்பு இல்லாத வைத்தியத்துக்கு ஒரு ஆபத்து உண்டு: மறதி. ஸ்டென்ட் தற்காலிகமானது. மருத்துவர் சொன்ன நாளில், பெரும்பாலும் சில வாரங்களிலோ மூன்று மாதங்களுக்குள்ளோ, எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் அதன்மேலேயே கல் படிந்து, காப்பாற்ற வைத்த குழாயே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வேலை மாறி, வீடு மாறி, ஊர் மாறி வாழ்கிறவர்கள் நாம். ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதோ ஒரு பெட்டியில் கிடக்கும். ஆகவே எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். நூறாண்டு உழைப்பில் வந்த வைத்தியம் நிறைவு பெறுவது அந்த ஒரு தேதியில்தான்.