கேலிச்சித்திரமும் கூலிக்கணக்கும்

1963ஆம் ஆண்டு டிசம்பரில் மலேசியாவிற்குத் தொலைக்காட்சி வந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், பேராக்கின் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பிள்ளைகளும் ஈப்போ நகரத்துப் பிள்ளைகளும் அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களைக் கண்டு ஒன்றுபோலச் சிரித்தனர். அச்சிரிப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்னும் வினாவை நம் வகுப்பறைகளில் நாம் அரிதாகவே எழுப்பியிருக்கிறோம். அவ்வினாவை இவ்வுரையில் எடுத்துக்கொள்வோம்.

ஓர் இனத்தார் அனைவருக்கும் ஒரே குணம், ஒரே தொழில், ஒரே பேச்சு என்று வகுத்துவிடும் வழக்கத்தை இங்கு 'இனமுத்திரை' என்று அழைப்போம். அதை வெறும் ஏளனமாக மட்டும் பார்த்தால் அதன் வேலையின் பாதிதான் தெரியும். மற்றப் பாதி கூலிக்கணக்கில் இருக்கிறது.

வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'டம்போ' 1941 அக்டோபரில் வெளிவந்தது. பெரிய காதுகளுடைய யானைக்கன்று ஒன்றின் கதை அது. அக்கன்றுக்குப் பறக்கத் துணைநிற்கும் காகங்கள் கறுப்பின அமெரிக்கரின் பேச்சையும் நடையையும் நகல்செய்தன. தலைமைக் காகத்திற்குப் படக்குழுவினர் வைத்த பெயர் ஜிம் குரோ. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரைப் பள்ளியிலும் பேருந்திலும் உணவகத்திலும் பிரித்துவைத்த சட்டங்களும் அப்பெயராலேயே வழங்கின. அக்காகத்திற்குக் குரல் கொடுத்தவர் கிளிஃப் எட்வர்ட்ஸ் என்னும் வெள்ளையர்.

காகங்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நாம் கவனிக்க வேண்டியது அதே படத்தின் மற்றொரு காட்சி. இரவு, கொட்டும் மழை. கறுப்பினத் தொழிலாளர் சர்க்கஸ் கூடாரத்தை எழுப்புகின்றனர். அவர்களுக்கு முகம் வரையப்படவில்லை. தாங்கள் இரவுபகலாக உழைப்பதாகவும், எழுதப் படிக்கக் கற்கவில்லையென்றும், கிடைக்கும் ஊதியத்தை வீணடித்துவிடுவதாகவும், ஆயினும் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் அவர்கள் பாடுகின்றனர். குறைந்த கூலியில் நிறைவடையும் தொழிலாளி என்னும் உருவம் இவ்வாறு ஒரு சிறுவர் படத்திற்குள் நுழைந்தது.

இவ்வுருவம் நமக்குப் புதிதன்று. மலாயாவின் தோட்டத் துரைமார் தமிழரை அடக்கமானவர், சொன்னதைக் கேட்பவர், சிறு கூலிக்கு இசைபவர் என்று வருணித்தனர். அவ்வருணனை கங்காணி முறைக்கு நியாயமாயிற்று. சீனத் தொழிலாளருக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத் தமிழருக்குக் கொடுப்பதற்கும் காரணமாயிற்று. கூலி என்பது தமிழில் ஊதியத்தைக் குறிக்கும் சொல். தோட்டத்து ஆங்கிலத்தில் அதே ஒலி மனிதனுக்கே பெயராயிற்று. குடியேற்ற ஆட்சி மலாய்க்காரர்மீது குத்திய சோம்பேறி என்னும் முத்திரையின் பின்னிருந்த பொருளியலைச் சையது உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். மலாய்க்காரர் தோட்டக்கூலியாக வர மறுத்ததனாலேயே சோம்பேறியாக்கப்பட்டனர் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. வந்து உழைத்தவருக்கு அடக்கமானவர் என்ற பெயர். வர மறுத்தவருக்குச் சோம்பேறி என்ற பெயர். இரண்டையும் எழுதிய கை ஒன்றே.

அந்த வருணனை பொய் என்பதற்குச் சான்று, டம்போ வெளிவந்த அதே 1941இல் இருக்கிறது. அவ்வாண்டு மார்ச் முதல் மே வரை, பேராக்கின் தெற்கே அமைந்த சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனருக்கு நிகரான கூலியும், பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் அடங்கும். துரையும் கிராணியும் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். கூலி உயர்வோடு மரியாதையையும் ஒரே பட்டியலில் வைத்தவர்கள் அவர்கள். அரசு படையைக் கொண்டு அவர்களை அடக்கியது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அதே மே மாத இறுதியில் டிஸ்னி நிறுவனத்தின் ஓவியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர் என்பது வரலாற்றின் விந்தை. உழைப்பவன் குறைந்த ஊதியத்தில் மகிழ்ந்திருப்பான் என்பதை அப்படத்தை வரைந்தவர்களே ஏற்கவில்லை.

இனி நம் மண்ணில் வரையப்பட்டவற்றுக்கு வருவோம். பேராக்கின் கோப்பெங் வட்டாரத்தில் 1951இல் பிறந்த லாட், தம் கம்பத்து இளமையை 1979இல் 'கம்போங் பாய்' என்னும் சித்திர நூலாக்கினார். அது 1990களின் இறுதியில் தொலைக்காட்சித் தொடராகி, 1999இல் பிரான்சின் அன்னெசி விழாவில் பரிசும் பெற்றது. லாட்டின் தூரிகை எவரையும் விட்டுவைப்பதில்லை. மூக்கும் தலைமுடியும் மிகைப்படுத்தப்படும்போது முதலில் அகப்படுபவர் அவரே. கேலி எல்லார்க்கும் பொதுவாகும்போது முத்திரை தளர்கிறது.

2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரை நம் பிள்ளைகள் இன்றும் விரும்பிப் பார்க்கின்றனர். அதில் முத்து மாமா உணவுக்கடை நடத்துகிறார். பிள்ளைகளிடம் அன்பு காட்டுகிறார். பல இனத்தாரையும் ஒரே கம்பத்தில் வைத்த அத்தொடரின் நல்லெண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், அவருடைய பேச்சின் ஒலி நகைப்புக்குரியதாக அமைவதையும், நம்மவர் எந்தத் தொழிலில் காட்டப்படுகிறார் என்பதையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். கருநிறத்தைக் கேலிசெய்து சிரிப்பூட்டும் தமிழ்த் திரைப்பட நகைச்சுவையையும் அதே தராசில் நிறுத்தவேண்டும். நம் வீட்டுக் கூடத்தில் ஒலிக்கும் முத்திரையை விட்டுவிட்டுப் பிறர் குத்துவதை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது.

பழைய படங்களை மறைப்பது தீர்வாகுமா? டிஸ்னியின் 'சாங் ஆஃப் தி சவுத்' (1946) அமெரிக்காவில் வீட்டுக் காணொளியாக வெளியிடப்படவே இல்லை. 'ஃபேன்டேசியா'வில் (1940) இருந்த கறுப்பினப் பணிப்பெண் உருவம் பின்னாளில் வெட்டப்பட்டது. 2020இல் அந்நிறுவனம், டம்போ உள்ளிட்ட சில படங்களின் தொடக்கத்தில், இச்சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பைச் சேர்த்தது. வெட்டினால் தவறு நிகழ்ந்த சுவடே அழியும். அறிவிப்பு அச்சுவடைக் காட்டும். ஆனால் அதை விளக்க ஆசிரியர் வேண்டும்.

ஆதலால் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். கூடாரக் காட்சியை வகுப்பில் நிறுத்தி, யாருக்கு முகம் இல்லை என்று கேளுங்கள். பின்னர் மாணவர்களைத் தத்தம் வீட்டு முதியவரிடம் அனுப்புங்கள். பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபின் ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களுக்குக் குடிவந்த குடும்பங்கள் பல. பாட்டி எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மரம் வெட்டினார், என்ன கூலி பெற்றார், எதற்காகச் சினந்தார் என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். எழுதிய தாளின் மேற்புறத்தில் அவர் முகத்தை வரையட்டும்.