கம்பெனி மூடிய பிறகும் ஓடிய கார்

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவரிடம் புடவையின் கதையைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. யார் கல்யாணத்துக்கு எடுத்தது, முந்தியில் என்ன வேலைப்பாடு என்றெல்லாம் அவர் கேட்க மாட்டார். சரிகை எவ்வளவு, அதில் வெள்ளி எவ்வளவு என்பதுதான் அவருடைய கணக்கு. பட்டு எரிந்து போகும், வெள்ளி மிஞ்சும்.

பழைய காருக்கும் கடைசியில் இதே கணக்குதான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்க்கப் போன அன்று இது புரிந்தது. நான்கு சக்கரத்துக்கும் பதிலாகச் செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். வண்டிக்காரர் காலமாகி இரண்டு வருஷம். வீட்டிலேயே நாலு தறி வைத்து நெய்தவர். அவருடைய மகன் என் வயதுக்காரர். "காயலான் கடைக்காரன் கிலோ கணக்குல கேக்கறான் சார். நீங்க பழைய வண்டி பத்தியெல்லாம் எழுதறீங்களாமே, இதுக்கு வேற ஏதாவது மதிப்பு இருக்கா?" என்று கேட்டார்.

மதிப்பு இருக்கிறதா என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

நம்ம மாவட்டத்துக் கார்

முதலில் ஒரு விஷயம். ஹெரால்டு சீமைக் கார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வடிவம் சீமைதான். ஆனால் இந்த வண்டி பிறந்தது வண்டலூர்–பெருங்களத்தூர் பக்கம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 1968 முதல் தலைநகரமே காஞ்சிபுரம்தான். ஆக, இது நம்ம மாவட்டத்துக் கார்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டோடு 1940களின் கடைசியில் சென்னையில் தொடங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 10 என்று பூட்டிக்கொண்டிருந்தார்கள். 1953-இல் சுங்கவரிக் குழு ஒரு பரிந்துரை செய்தது. பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்கும் திட்டம் இருப்பவர்கள்தான் தொழிலில் இருக்கலாம் என்பது அதன் சாரம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-இல் இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்திவிட்டுப் போனார்கள். ஹிந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று பெயர்கள்தான் கார் சந்தையில் நிலைத்தன.

ஃபோர்டும் செவர்லேவும் போய்விட்டன, ஆனால் அவர்கள் விற்ற லாரிகள் ரோட்டில்தான் இருந்தன. அவற்றின் கதி என்ன? பெட்ரோல் குடித்த அமெரிக்க லாரிகளின் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை ஏற்றினார்கள். சென்னை சிம்ப்ஸன் கம்பெனி 1950களில் பெர்க்கின்ஸ் பி6 டீசல் என்ஜின்களைச் செய்ய ஆரம்பித்திருந்தது. சேஸிஸ் அமெரிக்கா, என்ஜின் மவுண்ட் ரோடு, மரப்பாடி உள்ளூர் ஆசாரி. இப்படி ஒரு லாரியை எந்த நாட்டு வண்டி என்று சொல்வீர்கள்? கம்பெனி கைவிட்ட வண்டியை ஓட்டிக் காட்டும் வித்தையை நம்ம பட்டறைகள் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டன. ஹெரால்டின் கதைக்கு அதுதான் முன்கதை.

கழற்றுவதற்கென்றே பிறந்த வண்டி

டிரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோத்தி. அந்தக் காலத்தில் கார்கள் எல்லாம் பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் லாரி மாதிரி தனி சேஸிஸ் மேல் உட்கார்ந்தது. காரணம் ஒரு நெருக்கடி. ஸ்டாண்டர்டு–டிரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்துவந்த கம்பெனியை, போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953-இல் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் வாங்க வழியில்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பிரித்து, பல இடங்களில் செய்து வாங்கி, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள்.

அவர்களுக்கு அது வேறு வழியில்லாமல் செய்த வேலை. நம்ம ஊர் டிங்கருக்கு அது வரம். ஒரு பக்கம் துருப்பிடித்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி வேலை பார்க்கலாம். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் சாயும். திறந்தால் என்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் மொத்தமும் கைக்கு எட்டும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். திரும்பவோ 25 அடி இடம் போதும். கோயில் மாட வீதியிலிருந்து சந்துக்குள் திருப்புவதற்கு இதைவிட என்ன வேண்டும்!

1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது. 948 சிசி என்ஜின். 1968-இல் வந்த மூன்றாம் மாடலில் நான்கு கதவு. இங்கிலாந்து ஹெரால்டில் நான்கு கதவு கிடையாது. குடும்பம் முழுக்க ஏறும் நம்ம ஊருக்காக வண்டலூரில் செய்த மாற்றம் அது.

இன்னொரு மாற்றம் எனக்கு இன்னும் சுவாரஸ்யம். ஹெரால்டின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும், குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். இந்த அமைப்பை இங்கே வண்டிக்காரர்களும் விரும்பவில்லை, மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. 1972-இல் ஹெரால்டை மாற்றி 'கஸெல்' என்று விட்டபோது, கம்பெனி பின்பக்கம் முழு ஆக்ஸிலைப் போட்டுவிட்டது. பட்டறையின் தீர்ப்பு தொழிற்சாலையின் வரைபடத்தையே மாற்றிய இடம் இது.

கஸெல் 1977 வரை வந்தது. பிறகு சில வருஷம் ஸ்டாண்டர்டு 20 என்ற வேன் மட்டும். 1985-இல் ரோவர் காரின் உடம்பில் பழைய வேன்கார்டு காலத்து என்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று விட்டார்கள். விலை அதிகம், பெட்ரோல் குடி. அதற்கு முன்பே, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. 1988-இல் வண்டலூரில் கார் தயாரிப்பு நின்றது.

வண்டிக் கணக்கு நோட்டு

பிள்ளையார்பாளையத்து ஹெரால்டை அவர் வாங்கியது 1986-இல், சென்னையில் ஒருவரிடம். அதாவது கம்பெனி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில். புடவைகளைச் சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோகத்தான் வண்டி. வாலாஜாபாத், ஒரகடம் வழியாக வண்டலூர் போய் ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிப்பாராம். அப்படியானால் ஒவ்வொரு முறையும் தன்னைச் செய்த ஊரின் வழியாகவேதான் அந்த வண்டி போய்வந்திருக்கிறது. முதல் இரண்டு வருஷம் அங்கே ஆலை ஓடியது, பிறகு ஓடவில்லை, வண்டி மட்டும் ஓடியது.

எப்படி ஓடியது என்பதற்கு ஆதாரம் ஒரு நீள நோட்டு. முன்பக்கம் பாவு, ஊடை, சரிகைக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் வண்டிக் கணக்கு. டைனமோவை எடுத்துவிட்டு மாருதி ஆல்டர்னேட்டர். பெட்ரோல் பம்ப் போனதும் எலக்ட்ரிக் பம்ப். லேத்தில் கடைந்த பித்தளை புஷ். போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன். நான்கைந்து பக்கத்துக்கு ஒருமுறையாவது 'புதுப்பேட்டை' என்று ஒரு வரி. கூவம் கரையோரம் இருக்கும் அந்தப் பழைய உதிரி பாகச் சந்தைதான் 1988-க்குப் பிறகு ஹெரால்டுக்குத் தொழிற்சாலை. செத்த வண்டிகளைப் பிரித்து, உயிரோடு இருக்கும் வண்டிகளுக்குக் கொடுக்கும் இடம்.

நோட்டில் 'டிரன்னியன் 2' என்று ஒரு பதிவு. அது என்ன என்று அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் கேட்டேன். எழுபதைத் தாண்டியவர். முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டைக் காட்டினார்.

"இது பித்தளை, தம்பி. உள்ள மரை இருக்குது பாரு, சக்கரம் திரும்புறப்ப இந்த மரையிலதான் திரும்பும். எல்லாரும் கிரீஸ் அடிப்பான். அடிக்கக் கூடாது. தொண்ணூறு நம்பர் ஆயில்தான் விடணும். கிரீஸ் உள்ள வரைக்கும் போவாது, தண்ணி பூந்துடும், மேல இருக்கற இரும்பு துருப்பிடிச்சு ஒருநாள் பட்டுனு ஒடியும். சக்கரம் படுத்துக்கும்."

"இதெல்லாம் எங்க மேஸ்திரி கத்துக்கிட்டீங்க?"

"ஒடிஞ்ச வண்டியிலதான்."

வீட்டுக்கு வந்து டிரையம்ஃப் பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதேதான், கிரீஸ் இல்லை, ஆயில். என் சாஃப்ட்வேர் தொழிலில் ஒரு கம்பெனி 'இனி சப்போர்ட் இல்லை' என்று அறிவித்துவிட்டால் மறுநாளே மாற்று ஏற்பாட்டுக்குக் கூட்டம் போடுவோம். இவர் முப்பத்தைந்து வருஷமாக சப்போர்ட் இல்லாத ஒன்றை ஓட்டியிருக்கிறார். கையேட்டையும் பார்த்ததில்லை.

சட்டத்தில் இந்த வண்டிக்கு இடமில்லை

சரி, மகன் கேட்ட மதிப்பு என்ன ஆயிற்று? ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்ததும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. பெயர், சென்னைக்காரருடையது. 1986-இல் விற்பனைக் கடிதமும் கையெழுத்துப் போட்ட படிவமும் வாங்கிக்கொண்டதோடு சரி, பெயர் மாற்றவே இல்லை. அந்தக் காலத்தில் பலரும் இப்படித்தான். வண்டி கைக்கு வந்துவிட்டதே, ஆபீஸுக்கு எதற்கு அலைவது என்ற நினைப்பு.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் தன் காரை விற்றார், அது அடுத்தடுத்து கை மாறியது, கடைசியில் விபத்து. ஆர்.சி.யில் பெயர் முதல் ஆளுடையது என்பதால் இழப்பீடு கொடுக்க வேண்டியவரும் அவரே என்றது தீர்ப்பு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். பழைய வண்டி விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள். வயது இந்த ஹெரால்டுக்கு இருக்கிறது. ஆனால் முக்கியமான நிபந்தனை வேறு. வண்டி அதன் அசல் நிலையில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அசலாக இருக்கும் வண்டி எது? பெரும்பாலும் பங்களா கொட்டகையில் ஓடாமல் நின்ற வண்டி. வாரம் ஒருமுறை புடவை மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி அசலாக இருக்க முடியாது. மாற்றியதால்தான் அது உயிரோடு இருந்தது. அந்த மரப்பாடி லாரியைப் பாரம்பரியம் என்று எந்த விதியும் சொல்லாது. ஆனால் நம்ம ஊர் மோட்டார் வரலாறு அந்த லாரியில்தான் இருக்கிறது. அசலுக்கு மட்டும் மரியாதை கொடுத்தால் நாம் பாதுகாப்பது வாங்கியவனின் வரலாற்றை. பழுது பார்த்தவனின் வரலாறு எடை போட்டு விற்கப்படுகிறது.

ஆர்.சி.யில் இருந்த சென்னை முகவரிக்கு நானும் மகனும் போய்ப் பார்த்தோம். அங்கே இப்போது அடுக்குமாடி. அந்தப் பெயரை யாருக்கும் தெரியவில்லை. வண்டி இனி ரோட்டில் ஓடாது என்று தெரிந்துவிட்டது. ஒழுங்காகப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்றாலும், செய்ய வேண்டியவர் அந்தக் காணாமல் போன உரிமையாளர்தான்!

மேஸ்திரிதான் முடிவு சொன்னார். "கிலோவுக்குப் போடாதப்பா. கியர்பாக்ஸும் டிரன்னியனும் நல்லா இருக்குது. இதை வச்சு இன்னும் ரெண்டு மூணு வண்டி ஓடும்." எரித்து எடுத்த பழைய வெள்ளி புதுச் சரிகையாகி இன்னொரு முந்தியில் ஏறுவது மாதிரி என்று நான் சொன்னேன். மகன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினார்.

மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-இல் நின்றபோது இந்த வட்டாரத்தில் பலருக்கு வேலை போனது, பலர் வீட்டு வாசலில் கார் நின்றது. 1954, 1988, 2022. கம்பெனிகள் போவதும் வண்டிகள் தங்கிவிடுவதும் நமக்குப் புதிதல்ல. அப்போதெல்லாம் கைகொடுத்தவர்கள் யார் என்பது எங்கும் பதிவாகவில்லை. பில் கிடையாது, கையேடு கிடையாது, மேஸ்திரியின் ஞாபகம் மட்டும்தான்.

நோட்டை மகன் என்னிடம் கொடுத்திருக்கிறார். பின்பக்கம் முழுவதையும் படம் எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்பாவின் பழைய லாரிக் கணக்கோ ஸ்கூட்டர் கணக்கோ இருந்தால், பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.