எல்லைப்புறப் பள்ளியும் தாய்மொழியும்: வடமாலபேட்டைப் பகுதியை முன்வைத்து

1. முன்னுரை

மாணவனின் மொழியையும் வாழ்க்கை அறிவையும் பாடத்தின் அடித்தளமாகக் கொள்ளும் முறை இன்று ‘பண்பாடு சார்ந்த கற்பித்தல்’ எனப்படுகிறது. இந்தியக் கல்வி வரலாற்றில் இக்கருத்து பெரும்பாலும் தாய்மொழிக் கல்வி என்ற வடிவிலேயே இடம்பெற்றது. மொழியின் பெயரைக் குறித்துக்கொள்வது மட்டும் இதற்குப் போதுமா என்பதைத் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் ஓர் எல்லைப்பகுதியைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. எல்லையும் எண்ணிக்கையும்

வடமாலபேட்டை திருப்பதிக்கும் புத்தூருக்கும் இடையே அமைந்துள்ளது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்ததாயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியின் பின்னர், படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. கிராமத்தை அலகாகவும் பேசுவோரின் பெரும்பான்மையை அளவுகோலாகவும் கொண்டு எல்லை வகுக்கப்பட்டது. எனவே இருபுறமும் மொழிச் சிறுபான்மையினர் எஞ்சினர்.

இத்தகையோருக்கான கல்விக் கொள்கை முன்பே வகுக்கப்பட்டிருந்தது. பள்ளி முழுவதிலும் 40 மாணவர்களோ ஒரு வகுப்பில் 10 மாணவர்களோ இருப்பின் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டுமென 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர் மாநாடு தீர்மானித்தது. 1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய முயலுமாறு மாநிலங்களைப் பணித்தது. இவை பெரும் பாதுகாப்புகளே. ஆயினும், எண்ணிக்கை விதி 10க்குக் குறைந்தோரைக் கணக்கில் கொள்வதில்லை. அவர்தம் மொழி வகுப்பறைக்கு வெளியே நிற்கிறது.

3. பாடநூல் பெயர்ப்பில் எழும் சிக்கல்

எண்ணிக்கை நிறைந்து தமிழ்வழி வகுப்பு அமைந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஆந்திரத்தில் 1985இல் தாலுகாக்களுக்கு மாற்றாக மண்டலங்கள் அமைக்கப்பட்டன. எல்லைப்புறத் தமிழ்க் குழந்தைக்கு மண்டலம் என்பது சான்றிதழ் வாங்கும் அலுவலகத்தின் பெயர். தமிழகப் பாடநூல் கூறும் ‘வட்டம்’ அதற்கு அயலானது. அவ்வாறே சைத்ரம், சித்திரை என்பன ஒரே வேரின. எனினும் தெலுங்கு ஆண்டின் முதல் மாதமான சைத்ரம் சந்திரனையும், தமிழ்ச் சித்திரை சூரியனையும் அடிப்படையாகக் கொண்டவை. ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தால் சொல் பொருந்தும், நாள் பொருந்தாது. உகாதியையும் சித்திரைப் பிறப்பையும் ஒரே தெருவில் காணும் மாணவன் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வான். ஆசிரியர் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டின், அதுவே நாட்காட்டி பற்றிய நல்ல பாடமாகிவிடும்.

4. பெயரிடப்படாத வேறுபாடு

இன்னும் நுட்பமானது யானாதிக் குழந்தைகளின் நிலை. நெல்லூர், சித்தூர்ப் பகுதிகளில் வாழும் இப்பழங்குடியினரின் பேச்சு தெலுங்கின் ஒரு வழக்காகவே கருதப்படுகிறது. 2004 அளவில் ஆந்திர அரசு தொடங்கிய பன்மொழிக் கல்வித் திட்டம் கோண்டி, கோயா, கோலாமி, குவி, சவரா, கொண்டா, ஆதிவாசி ஒரியா, பஞ்சாரா ஆகிய எட்டு மொழிகளைத் தழுவியது. அவற்றுக்குத் தெலுங்கு எழுத்தில் நூல்கள் உருவாயின. யானாதியர் பேச்சு இப்பட்டியலில் இல்லை. மாநில மொழியே அவர்தம் மொழி எனக் கொள்ளப்படும்போது சட்டத்தின் பார்வையில் அக்குழந்தைக்கு மொழிக் குறை ஏதுமில்லை. ஆனால் பாடநூலின் எழுத்து வழக்கு வேறு, வீட்டின் பேச்சு வழக்கு வேறு. மூலிகை, மீன், வயலெலி பற்றி அக்குழந்தை பெற்ற அறிவுக்கும் அறிவியல் பாடத்தில் இடமில்லாது போகிறது. பேச்சைப் ‘பிழை’ எனத் திருத்தும் வகுப்பில் அவ்வறிவும் சேர்ந்தே வாயடைத்துப் போகிறது.

5. முடிவுரை

மொழியை எண்ணிப் பட்டியலிடும் கொள்கை முதற்படியாகத் தேவையே. ஆனால் பட்டியலுக்குள் வந்தவர்க்குப் பெயர்ப்பு நூலும், வராதவர்க்கு மாநில மொழி நூலும் கொடுப்பதோடு பணி முடிவதில்லை. வழக்குச் சொற்களைத் தொகுத்தல், இரு வழக்குகளையும் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுதல், மூலநூலைப் பெயர்ப்பதற்கு மாறாக மாணவனின் சூழலிலிருந்தே பாடத்தை எழுதுதல் ஆகியன மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து ஆற்றத்தக்கன. 10 என்ற எண்ணை எட்டாத வகுப்பிலும் இவை இயலும் என்பதே இவற்றின் சிறப்பாகும்.