வில்லோ மரப்பட்டையும் சர்க்கரையும்

எங்கள் இலக்கியச் சந்திப்புகளில் ஐம்பது வயதைத் தொட்டவர்கள் நால்வர் கூடிவிட்டால் பேச்சு கவிதையிலிருந்து சர்க்கரைக்குத் தாவிவிடுகிறது. வெறும்வயிற்றுச் சர்க்கரை 100க்கும் 125க்கும் இடையே நிற்கும் நிலையை மருத்துவர்கள் முன்நீரிழிவு என்கிறார்கள். அந்நிலையிலிருக்கும் நண்பர்கள் பலரது பையில் ஒரு மூலிகைக் குப்பியும் இருக்கிறது. 'அழற்சியைத் தணிக்கும், இயற்கையானது, தீங்கற்றது' என்பது அதன் மேலுள்ள வாசகம். இக்கூற்றுகளின் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. அதில் ஒரு மரத்தின் கதையை மட்டும் இங்கே பார்ப்போம்.

1763இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் வாழ்ந்த எட்வர்ட் ஸ்டோன் என்னும் பாதிரியார் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தற்செயலாகச் சுவைத்த வில்லோ மரப்பட்டையின் கசப்பு, காய்ச்சலுக்குத் தரப்பட்ட விலையுயர்ந்த சின்கோனாப் பட்டையை அவருக்கு நினைவூட்டியிருந்தது. காய்ச்சல் மிகும் ஈரநிலத்திலேயே அதற்கான மருந்தும் விளையும் என்ற பழைய நம்பிக்கையும் துணைநின்றது. பட்டையை உலர்த்திப் பொடித்து, ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக அவர் எழுதினார். அவர் கூறிய காரணம் பிழை, கவனிப்பு சரி.

அடுத்த நூற்றாண்டில் வேதியியலார் அப்பட்டையின் சாரத்தைத் தேடினர். 1828இல் மியூனிக்கில் புக்னர் சாலிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1838இல் ரஃபேல் பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். மரத்திலிருந்த கசப்பு நிறுத்து அளக்கத்தக்க பொருளாயிற்று.

1876இல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன், சோடியம் சாலிசிலேட்டை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கண்டார். 1901இல் மான்செஸ்டரின் வில்லியம்சனும் அதையே எழுதினார். ஏன் குறைகிறது என்பதை இருவராலும் சொல்ல இயலவில்லை. 1921இல் டொரண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்ட பின் இந்தச் செய்தி பின்னுக்குப் போயிற்று.

விடை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1993இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர், பருத்த விலங்குகளின் கொழுப்புத் திசுவே அழற்சிப் பொருளைச் சுரந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று காட்டினர். 2001இல் ஷோயல்சன் குழுவினர், மிகுந்த அளவு சாலிசிலேட் அந்த அழற்சிப் பாதையிலுள்ள ஒரு நொதியைத் தடுக்கிறது என்று கண்டனர். எப்ஸ்டைன் கண்டது மாயமன்று.

ஆயினும் கதை வெற்றி முழக்கத்தோடு முடியவில்லை. சாலிசிலேட் வகை மருந்தான சால்சலேட்டை நீரிழிவுடைய 286 பேரிடம் 48 வாரங்கள் சோதித்த அமெரிக்க ஆய்வு 2013இல் வெளியாயிற்று. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு 0.37 புள்ளி குறைந்தது. ஆனால் கெட்ட கொழுப்பும் சிறுநீரில் புரதக் கசிவும் கூடின. பட்டையிலிருந்து பிறந்த பொருள் பயன் தந்தது, விலையும் கேட்டது. அதிக அளவில் சாலிசிலேட் காதில் இரைச்சலையும் உண்டாக்கும்.

அப்படியானால் முன்நீரிழிவில் நிற்பவருக்கு உறுதியான வழிதான் என்ன? 2006இல் வெளிவந்த சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு 531 பேரை மூன்றாண்டு காலம் தொடர்ந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் முறைப்படுத்தியவர்களில் அது 39 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர்களிலும் ஏறத்தாழ அதே அளவே. அம்மாத்திரையின் மூதாதையும் கலேகா என்னும் ஐரோப்பியச் செடிதான் என்பது வேறொரு கதை.

ஆகவே தாவரங்களை நாம் இகழவில்லை. ஒரு கசப்பு மருந்தாவதற்குள் எத்தனை பேர் அதை நிறுத்து, அளந்து, தீங்கையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள் என்பதையே நினைவூட்டுகிறோம். குப்பியின் மேலுள்ள வாசகத்தில் அந்த உழைப்பு இல்லை. அதை நம்பி மாலை நடையைக் கைவிடும் நண்பரைப் பற்றித்தான் எங்கள் கவலையெல்லாம்.