பாதம் சுமந்த பாரம்: களியக்காவிளைச் சாலையும் டார்க் கன்வெர்ட்டரும்

1938 பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா தம் அரசின் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். லண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்து கண்காணிப்பாளர் பொறுப்பேற்றிருந்த இ. ஜி. சால்ட்டர் முதற் பேருந்தைத் தாமே ஓட்டினார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேசிஸ்கள் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களோடு வந்திறங்கின. அவற்றின் மீது உள்ளூர்த் தொழிலாளர்கள் கூடு கட்டினர். நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலை அத்துறையின் தொடக்ககால முதன்மை வழித்தடங்களுள் ஒன்று.

அப்பேருந்துகளில் கிளட்ச்சும் கையால் மாற்றும் கியரும் இருந்தன. இதில் வியப்பேதும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் சால்ட்டர் புறப்பட்டு வந்த லண்டனில் அப்போது கிளட்ச் மிதி மறையத் தொடங்கியிருந்தது. அந்நகரின் எஸ்.டி.எல். வகைப் பேருந்துகள் பலவற்றில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே உராயும் தகடு இல்லை. எண்ணெய் நிரம்பிய ஒரு கூடு மட்டுமே இருந்தது. அந்தக் கூடு திருவிதாங்கூருக்கு வரவில்லை. வராமற்போன அப்பொறியின் கதை, இன்று பாறசாலையில் வேகமான ஒரு காரை நாள்தோறும் ஓட்ட வாங்குபவர் எதிர்கொள்ளும் தேர்வோடு நேரடியாகத் தொடர்புடையது.

அப்பொறியின் பிறப்பு கடலோடு தொடங்குகிறது. நீராவிச் சுழலி மிக விரைவாகச் சுழலும். கப்பலின் உந்துவிசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் பயன் தரும். ஸ்டெட்டின் நகர வல்கன் கப்பற்கட்டுமானத் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் இவ்விரண்டையும் நீர்மத்தால் இணைக்கும் வழி கண்டு, 1905இல் காப்புரிமை பெற்றார். எஞ்சினோடு சுழலும் சக்கரம் நீர்மத்தை வீசும். எதிரிலுள்ள சக்கரம் அவ்வீச்சை வாங்கிச் சுழலும். இவ்விரண்டு மட்டும் இருந்தால் அது நீர்ம இணைப்பு; வாங்கிய முறுக்குவிசையை அப்படியே கடத்துமேயன்றிப் பெருக்காது. நடுவில் ஸ்டேட்டர் என்னும் மூன்றாவது சக்கரத்தை வைத்துத் திரும்பி வரும் நீர்மத்தின் திசையை மாற்றினால், வண்டி நகரத் தொடங்கும் கணத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகும். அதுவே டார்க் கன்வெர்ட்டர்.

கடலில் பிறந்த இக்கருவியைத் தரைக்குக் கொணர்ந்தது பேருந்துதான். 1920களில் லண்டன் பேருந்துகளின் குலுக்கலால் சலிப்புற்ற ஹரால்ட் சின்கிளேர் என்ற பொறியாளர், வல்கன் நிறுவனத்தாரோடு பேசி, நீர்ம இணைப்பைச் சாலை வண்டிக்கு ஏற்றதாக்க முயன்றார். 1930இல் டெய்ம்லர் நிறுவனம் அதைத் தன் கார்களில் பொருத்தியது. லேலண்ட் நிறுவனம் ஒரு படி மேலே சென்று, லிஷோம்-ஸ்மித் வகை டார்க் கன்வெர்ட்டர் பூட்டிய கியரில்லாப் பேருந்துகளை 1930களில் விற்றது. ஓட்டுவதற்கு அவை எளியவை. ஆயினும் எரிபொருளை மிகுதியாகக் குடித்தன. சறுக்கும் நீர்மம் விசையின் ஒரு பகுதியை வெப்பமாக்கி விடுவதே காரணம்.

இந்தப் பின்னணியில் 1938ஆம் ஆண்டின் தேர்வு விளங்கிக்கொள்ளக் கூடியதே. புதிதாகப் பிறந்த ஓர் அரசுத் துறைக்கு விலை குறைந்த, டீசலைச் சிக்கனமாகச் செலவிடும், உள்ளூர்ப் பட்டறையில் பிரித்துப் பூட்டத்தக்க வண்டி பொருத்தமாயிருந்தது. அச்சிக்கனத்தின் விலையைக் கொடுத்தது ஓட்டுநரின் இடது கால்.

1956 நவம்பர் 1ஆம் நாள் சாலையின் குறுக்கே மாநில எல்லை விழுந்தது. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டிருந்தது. கிடைத்தவை தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியுமே. பாறசாலைத் தமிழர் கேரளத்தில் இருந்தனர். களியக்காவிளை சென்னை மாநிலத்துக்கு வந்தது. பின்னாளில் நேசமணியின் பெயரிலேயே நாகர்கோவிலில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்தது. ஒரே துறையாயிருந்தது இரண்டாயிற்று. வண்டிகளின் நிறமும் பெயர்ப் பலகையும் மாறின. கிளட்ச் மிதி மட்டும் எல்லையின் இருபுறமும் அப்படியே தொடர்ந்தது.

அதன் சுமையை எளிய கணக்கொன்றால் உணரலாம். கரமனையிலிருந்து களியக்காவிளை வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றும், நின்று புறப்பட்டு மேல் கியரை எட்ட நான்கு மிதிப்புகள் என்றும் கொண்டால், ஒரு நடைக்கு 120 மிதிப்பு. எட்டு நடைக்கு 960. பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலும் அமரவிளை, உதியன்குளங்கரைப் பகுதிகளின் ஏற்ற இறக்கமும் இக்கணக்கில் சேரவில்லை. மூன்று தலைமுறை ஓட்டுநர்களின் முழங்கால்கள் இந்த எண்ணைச் சுமந்தன. லண்டன் ஓட்டுநருக்கு 1930களிலேயே கிட்டிய விடுதலை இச்சாலைக்கு வர, ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின் கீழ் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த வால்வோ தாழ்தளப் பேருந்துகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவற்றின் தானியங்கிக் கியர்ப் பெட்டிக்குள் இருந்தது ஃபோட்டிங்கரின் அதே எண்ணெய்ச் சக்கரங்கள்தாம்.

கார்களின் வரலாறு வேறு வழியில் சென்றது. 1948இல் பியூக்கின் டைனாஃப்ளோ, டார்க் கன்வெர்ட்டரைப் பெருந்திரளான கார்களுக்குக் கொண்டு சென்றது. வழுக்கலால் விசை வீணாகும் பழைய குறைக்கு 1949இல் பேக்கார்டு விடை கண்டது: வேகம் பிடித்தபின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச். அமெரிக்கப் பந்தயக்காரர்கள் எதிர்த்திசையில் நடந்தனர். சக்கரங்களைப் பிடித்து நிறுத்தி முழு விசை கொடுத்தால் எஞ்சின் எட்டும் உச்சச் சுழற்சியே ஸ்டால் வேகம். சாதாரணக் காரில் அது நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளை ஒட்டியிருக்கும். அவர்கள் 4,000க்கும் மேல் உயர்த்தினர். கால் மைல் பந்தயத்துக்கு அது வரம். நெரிசலில் ஊரும் வண்டிக்கு அது சாபம். வண்டி நகருமுன் எஞ்சின் அலறும், எண்ணெய் கொதிக்கும்.

இந்தியாவில் இந்த விவாதம் அண்மையில் புத்துயிர் பெற்றது. 2013இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி கொண்டது. 2020இல் அதனிடத்தில் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் வந்தது. 2022இல் வந்த விர்ட்டஸில் இரண்டும் அருகருகே நின்றன: 150 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் எஞ்சினுக்கு இரட்டைக் கிளட்ச். 115 குதிரைத்திறன் கொண்ட 1.0 லிட்டருக்கு டார்க் கன்வெர்ட்டர். விசையைப் பார்த்து வாங்குபவர் முன்னதை நாடுவார். நெய்யாற்றின்கரையின் கே.எல். 20, பாறசாலையின் கே.எல். 19, மார்த்தாண்டத்தின் டி.என். 75 ஆகிய எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரும் காலை நேரத்தில், உலர்ந்த கிளட்ச் தகடு ஒவ்வொரு நகர்விலும் உராய்ந்து சூடேறும். கன்வெர்ட்டரில் அவ்வெப்பத்தை எண்ணெய் வாங்கிக் குளிர்விப்பானிடம் ஒப்படைத்துவிடும். சிறிய டர்போ எஞ்சின் தன் முழு முறுக்குவிசையை எட்டும் 1,750 சுற்றுக்கு முன்னுள்ள தளர்ச்சியையும் கன்வெர்ட்டரின் பெருக்கம் ஓரளவு மறைக்கும்.

ஆகவே நாள்தோறும் ஓடும் வேகக் காருக்குக் கன்வெர்ட்டரைத் தேர்பவர் குதிரைத்திறனுக்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும். ஸ்டால் வேகம் எஞ்சினின் முறுக்குவிசை எழும் இடத்தைச் சற்றே தாண்டி நிற்கிறதா? லாக்-அப் குறைந்த வேகத்திலேயே பூட்டுகிறதா? எண்ணெய்க் குளிர்விப்பான் நெரிசலைத் தாங்குமா? சோதனை ஓட்டத்துக்கு அகன்ற புறவழிச்சாலை உதவாது. பள்ளி தொடங்கும் நேரத்தில் அமரவிளைப் பாலத்திலிருந்து இஞ்சிவிளை வரை ஒருமுறை ஊர்ந்து பார்த்தால் மூன்றுக்கும் விடை கிடைக்கும். தினந்தோறும் 960 முறை மிதித்த பேருந்து ஓட்டுநர்களிடம் அந்தக் கேள்விகளை எவரும் கேட்கவில்லை. வண்டியைத் தேர்ந்தவர் ஒருவர், அதன் பாரத்தைச் சுமந்தவர் வேறொருவர். தன் காரைத் தானே ஓட்டுபவருக்கு அவ்விருவரும் ஒருவரே.