அச்சு வந்தது, ஆசனம் மாறிற்றா?

மலைக்கு மேற்கே கொல்லம். மலைக்குக் கிழக்கே செங்கோட்டை, தென்காசி, குற்றாலம். இடையே ஆரியங்காவுக் கணவாய். பொதி சுமந்த மாடுகள் அந்த வழியே வந்தன. 1904இல் புகைவண்டியும் வந்தது. சாரல் காலத்துக் காற்று இன்றும் அந்த வழியேதான் வந்து தென்காசித் தெருக்களைக் குளிர்விக்கிறது. குற்றாலத்துக்குக் குளிக்கச் செல்வோர் அருவியை அறிவர். சித்திர சபையை அறிவர். மலைக்கு அப்பால், அந்தக் கொல்லத்திலே, 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள் தமிழெழுத்தில் ஒரு சிறு நூல் அச்சேறியது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? 'தம்பிரான் வணக்கம்' என்பது அதன் பெயர். பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மூத்தது அதுவே.

அதனை வெளியிட்டவர் போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளார். அச்சுச் செலவுக்குப் பொருள் தந்தவர்களோ முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சடக்கி மூழ்கி எடுத்த முத்தின் காசு ஈயமாகி, ஈயம் எழுத்தாகி, எழுத்து ஏடாயிற்று. ஏட்டில் என்ன எழுதுவது என்று மட்டும் அவர்களை எவரும் கேட்கவில்லை.

இந்தப் பழங்கதையை இன்று எடுத்துரைப்பானேன் எனத் தோழர்கள் கேட்கக்கூடும். கைப்பேசியும் வாட்சப்பும் யூடியூபும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்ட இக்காலத்தில் கிறித்தவத் திருச்சபைத் தலைவர்கள் செய்யத்தக்கது யாது என்ற பேச்சு, பேராயர் இல்லம் முதல் சிற்றூர்ச் சபைவரை எழுந்திருக்கிறது. சிலர் அஞ்சுகின்றனர், சிலர் அவசர அவசரமாகப் படப்பிடிப்புக் கருவியை வாங்கிப் பீடத்துக்கு எதிரே நிறுத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்கின்றனர். கடவுளையே ஏற்காத நாம் பிறர் ஆலயத்துக்கு யோசனை கூறப் புகுவது வேடிக்கை எனச் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். அந்த ஆலயத்தில் அமர்ந்திருப்பவன் நம் உடன்பிறப்பு. அவனை எந்த வரிசையில் அமர வைத்திருக்கிறார்கள் என்பது நம் கவலைதான்.

நானூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்க்கையில் ஓர் உண்மை தெளிவாகிறது. புதிய கருவி எது வந்தாலும் பாதிரிமார் அதை விரைந்து கைக்கொண்டனர்; மற்ற மதத்தார் அயர்ந்திருந்த வேளையிலே அவர்கள் விழித்திருந்தனர். ஆனால் அவர்கள் தேடியது வாய்க்கு ஒரு கருவி. அதே கருவி கேட்போன் கைக்குப் போய், அவன் வாய் திறந்தபோதெல்லாம் அவர்கள் திகைத்தனர்.

1556இல் கோவாவில் அச்சு யந்திரம் வந்திறங்கியது. 1559இல் ரோமாபுரியில் நான்காம் பவுல் பாப்பரசர், படிக்கக்கூடாத நூல்களின் பட்டியலை வெளியிட்டார். இடையே மூன்றே ஆண்டு! ஒரு கையிலே அச்சு, மறு கையிலே பூட்டு. அந்தப் பட்டியல் 1966வரை உயிரோடிருந்தது. பூமி சுழல்கிறது என்று எழுதிய கோப்பர்னிக்கசின் நூல் 1616இல் தடைக்குள்ளாகி, 1835ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை அதிலிருந்து விடுபடவில்லை. இந்த ஆண்டை நண்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், தேவைப்படும்.

தரங்கம்பாடிக் கதை நாடறிந்தது. 1706இல் வந்த சீகன்பால்கு, 1712இல் யந்திரமும் அடுத்த ஆண்டில் செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழ் எழுத்தும் பெற்று, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சில் தந்தார். அவர் தொடங்கிய சபையாரை எதிர்த்து எழுதிய வீரமாமுனிவர் கையிலோ பனையோலையும் எழுத்தாணியுமே இருந்தன. அந்த எழுத்தாணியோடு அவர் எகர ஒகரக் குறில் நெடிலைப் பிரித்துக் காட்டி எழுத்தையும் திருத்தினார். 1935இல் 'குடி அரசு' எழுத்தைத் திருத்தியபோது கொதித்தெழுந்த பண்டிதர்கள், முனிவர் திருத்திய எழுத்தில்தான் அந்தக் கொதிப்பையும் எழுதினார்கள்!

இனிக் குற்றாலத்துக்குத் திரும்புவோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள ஊர் மேலகரம். அவ்வூர்த் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடியது குற்றாலக் குறவஞ்சி. மலையும் குறத்தியும், குறியும் கண்ணியும், பாட்டும் கூத்துமாக அது ஊரையே ஈர்த்தது. குறவஞ்சி அந்நாளைய திரைப்படம் என்றாலும் மிகையாகாது. ஏடு படிக்கத் தெரியாதவனும் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, வாயால் பாடிக்கொண்டு வீடு திரும்பலாம்.

இதன் ஆற்றலை அறிந்த கிறித்தவர் ஒருவர் இருந்தார். நெல்லைச் சீமையில் 1774இல் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்சு பாதிரியாரிடம் மன்னர் சரபோசியோடு பயின்ற வேதநாயக சாஸ்திரியார் அவர். 1800ஆம் ஆண்டளவில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறத்தி விசுவாச சிங்கியானாள். சிங்கன் ஞானச் சிங்கனானான். பறவைக்கு வைத்த கண்ணி ஆன்மாவுக்கு வைத்த கண்ணியாயிற்று. மதம் பரப்பும் நூல்தான், மறைக்கவில்லை. ஆனால் அதற்குள்ளே அவர் உலகப் படத்தையும் வான நூலையும் கொண்டுவந்து வைத்தார். கதிரவனைப் பூமி சுற்றுகிறது என்னும் கோப்பர்னிக்கசின் கொள்கை தஞ்சைத் தமிழ்ப் பாட்டிலே ஏறிவிட்டது. 1835வரை அந்தக் கொள்கையின் மூல நூல் ரோமாபுரிப் பட்டியலில் கிடந்தது என்று மேலே சொன்னோமே, அதை இங்கே எண்ணிப் பாருங்கள். ராகு விழுங்குகிறான், கேது கக்குகிறான் என்று பஞ்சாங்கம் படித்துக்கொண்டிருந்த நாட்டில், குறத்தி பாட்டின் வழியே கோள்களின் இயக்கம்! மதம் எவ்வழியாயினும், இந்த இடத்தில் அந்தப் புலவனைப் பாராட்டாமல் நம்மால் மேலே செல்ல முடியவில்லை.

அதே புலவன் 1829இல் என்ன செய்தார்? தஞ்சைச் சபைக்கு வந்த இளைய பாதிரிமார் நான்கு மாறுதல்களைக் கொணர்ந்தனர். திருமறைக்குப் புதுத் திருத்தம். சாதி பாராமல் எல்லோரும் கலந்து அமரவேண்டும் என்ற கட்டளை. விழாக்களில் பூ அலங்காரத்துக்குத் தடை. தமிழிசைப் பாட்டுக்குத் தடை. நான்கையும் கொடுமை என்று எழுதினார் வேளாளக் கிறித்தவரான சாஸ்திரியார். தன் பாட்டைப் பறித்ததற்கு அவர் கொதித்தது நியாயம். மக்கள் நாவில் வழங்கிய கலையைக் கோயிலுக்கு வெளியே தள்ளியவர்கள் தங்கள் மக்களையே தள்ளினார்கள். ஆனால் தாழ்த்தப்பட்டவன் பக்கத்தில் அமர்வதையும் அதே பட்டியலில் கொடுமை என்று சேர்த்தாரே! பூமி சுழல்வதைப் பாடிய புலவருக்குப் புலையன் பக்கத்தில் வந்து அமர்வது பொறுக்கவில்லை. ஒருவர் பாட்டைத் திறந்து பாயை மூடினார். மற்றவர்கள் பாயைத் திறந்து பாட்டை மூடினார்கள். இரண்டையும் ஒருங்கே திறக்க அந்தச் சபையில் அன்று ஆளில்லை.

மீண்டும் நெல்லைக்கு வருவோம். இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சுரண்டையும் நல்லூரும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்தின் நிலையங்களாக இருந்தவை. வேதம் காதில் விழுந்தாலே ஈயம் காய்ச்சி ஊற்றச் சொன்ன கௌதம தரும சூத்திரத்தின் நாட்டில், பனையேறியின் மகனுக்கும் வயலில் உழன்றவன் மகளுக்கும் புத்தகம் தந்தவை அத்தகைய நிலையங்கள். அதை மறுப்பவன் வரலாறு அறியாதவன், மறைப்பவன் வஞ்சகன்.

ஆனால் படிக்கக் கற்றவன் பாதிரியார் தந்ததை மட்டுமா படிப்பான்? இங்கேதான் கால்டுவெலின் கதை வருகிறது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்து நம் மொழிக் குடும்பத்தின் தனித்தன்மையை உலகறியச் செய்த அந்தக் கால்டுவெல்தான். நம் மேடைகளில் அவர் பெயருக்கு மாலை சூட்டுகிறோம், சூட்டவேண்டியதே. அவர் 1849இல் இன்னொரு நூலை ஆங்கிலத்தில் அச்சிட்டார். 'திருநெல்வேலிச் சாணார்' என்பது பொருள். தான் பணிசெய்த பனங்காட்டு மக்களைப் பற்றிச் சீமைச் சந்தாதாரர்களுக்குச் சொன்ன கதை. அம்மக்களின் அறிவைக் குறைத்தும், பேய் வழிபாட்டை விரித்தும், அவர்கள் இலங்கையிலிருந்து குடியேறியவர்கள் என்றும் எழுதினார். எழுதப்பட்டவர்கள் அதைப் படிக்கப்போவதில்லை என்ற துணிவு அந்த நூலில் தெரிகிறது. ஆங்கிலம்! பனையேறிக்கு ஆங்கிலம் எங்கே தெரியப்போகிறது?

தெரிந்தது. அவருடைய சங்கத்தாரின் பள்ளிகளே கற்றுக்கொடுத்தன. முப்பதாண்டு கழித்து, 1880களில், அந்தச் சமுதாயத்தார் நூலைப் படித்தனர், கொதித்தனர். மறுப்பு நூல்கள் அச்சாயின. விண்ணப்பங்கள் கடல் கடந்து இங்கிலாந்துவரை சென்றன. கால்டுவெல் தம் நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. நாங்கள் சத்திரியர், எங்களைத் தாழ்த்தியது தவறு என்றனர் மறுத்தவர்கள். சாதி ஏணியில் மேற்படி கேட்கும் அந்த வாதம் நமக்கு உடன்பாடன்று. ஏணியை முறிக்கவேண்டும் என்போர் நாம். எனினும், நம்மைப் பற்றி எழுதுகிறாயா, நாங்களும் எழுதுவோம் என்று அவர்கள் எழுந்தார்களே, அந்த எழுச்சியை எப்படி மறக்க முடியும்? தன்னிடம் படித்தவனுக்கே பதில் சொல்லவேண்டிய நாள் பாதிரியாருக்கு அன்று வந்தது.

யாழ்ப்பாணத்திலும் இது நடந்தது. பெர்சிவல் பாதிரியாரின் திருமறைத் தமிழாக்கத்துக்குத் துணை நின்ற ஆறுமுக நாவலர், 1849இல் சென்னையில் அச்சு யந்திரம் வாங்கிச் சென்று, பாதிரியாரின் ஆயுதத்தாலேயே பாதிரிமாரைத் தாக்கினார். அவரும் சாதியைக் கட்டிக் காத்தவரே. அச்சு எவர் கைக்கு வந்தாலும் ஆசனத்தின் வரிசை மட்டும் மாறாதிருந்த விந்தை இது! அந்த வரிசையையே கேள்வி கேட்ட குரல், 1880களில் சென்னை லௌகீக சங்கத்தாரின் 'தத்துவ விவேசினி'யில் ஒலித்தது. சைவம், வைணவம், கிறித்தவம் என எதையும் விடாமல் வினவிய ஏடு அது.

வானொலி வந்தபோதும் திருச்சபை முந்திக்கொண்டது. 1931இல் மார்க்கோனியே வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தார். 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் தகவல் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஆணை வெளியிட்டது. 1969 முதல் மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி ஆசிய மொழிகளில் ஒலித்தது, தமிழிலும் ஒலித்தது. வானொலியில் ஒரு வசதி உண்டு: பேசுகிறவனைக் கேட்போன் இடைமறிக்க முடியாது. குருமாருக்கு அது பிடித்திருந்ததில் வியப்பில்லை. நம் அரசியல் தலைவர்களுக்கும் அது பிடித்தே இருந்தது.

கைப்பேசியின் தன்மை வேறு. 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்கு அஞ்சி நாடே அடைபட்டபோது ஆலயங்களும் அடைபட்டன. ஆலயத்துக்குள் கைப்பேசியை அணைத்து வையுங்கள் என்று அறிவித்துக்கொண்டிருந்தவர்கள், கைப்பேசியைத் திறந்து வையுங்கள், ஆராதனை அதில் வருகிறது என்றார்கள். வந்தது. அதனோடு பின்னூட்டமும் வந்தது. பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே, காணிக்கைக் கணக்கு எங்கே என்று ஒருவன் எழுதலாம். அடுத்த நொடியில் அதை நூறு பேர் படிக்கலாம். அண்டிரிக் அடிகளார் காலத்துப் பரதவனுக்குக் கிட்டாத இடம் அவன் வழித்தோன்றலுக்குக் கிட்டிவிட்டது. இதைக் கண்டு பின்னூட்டப் பகுதியை மூடிவிடும் சபைகளும் உண்டு. 1559இன் பூட்டு வடிவம் மாறி வந்திருக்கிறது, அவ்வளவே.

ஆகவே கிறித்தவத் தலைவர்களுக்கு நாம் கூறுவது: எந்தக் கருவி வாங்கலாம் என்று ஆராய்வதை நிறுத்துங்கள், அதில் உங்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பின்னூட்டத்தைத் திறந்து வையுங்கள். சபையின் வரவு செலவைத் திங்கள்தோறும் உறுப்பினர் ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் அனுப்புங்கள். குருடன் பார்த்தான், முடவன் நடந்தான் என்று படம் பிடித்துப் பரப்புவோர் உங்களுள் இருந்தால், நோயாளியின் மருத்துவக் குறிப்பையும் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவால் இல்லாத மனிதனின் முகத்தையும் குரலையும் ஆக்கிவிட முடிகிற காலம் இது. 2024ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு நாள் செய்தியில் பிரான்சிசு பாப்பரசரே அதைப் பற்றி எச்சரித்தார். பொய்ச் சாட்சியை முதலில் மறுக்க வேண்டியவர் பகுத்தறிவாளரா, பத்துக் கட்டளையைப் படிப்பவரா?

இதைச் சொல்லும்போது, பகுத்தறிவாளர் என்று பெயர் சூட்டிக்கொண்டு, வந்த செய்தியை ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்பிவைக்கும் இளைஞர்களையும் நாம் காண்கிறோம். தென்காசியில் நிகழ்ந்தது என்று வருவது எங்கோ வடநாட்டில் நிகழ்ந்ததாக இருக்கும். நேற்று என்பது பத்தாண்டுக்கு முந்தியதாக இருக்கும். தத்துவ விவேசினியார் அப்படி எழுதவில்லை.

இனிச் சாதி. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நன்று. அதற்கு நூற்றாறு ஆண்டுகளுக்கு முன், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கமாகக் கால்சட்டையின் இரு கால்கள் போலக் கட்டியிருந்த ஆலயத்தின் தடுப்புச் சுவரைக் கௌசானல் அடிகளார் இடித்துத் தள்ளச் செய்தார். சாதி காத்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். அது 1910. இடித்ததைப் படமெடுத்து ஊரறியச் செய்ய அன்று எவர் கையிலும் கருவி இல்லை. இன்று தனிக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு சுவர் எழுந்தால், அந்தச் சபையின் கடைசி வரிசையில் அமரும் இளைஞன் அதைப் படமெடுத்து, மாலை மணி அடிப்பதற்குள் பேராயரின் கைப்பேசிக்கே அனுப்பிவிடுவான். பேராயர் அதற்கு என்ன மறுமொழி எழுதுவார்?