வாயில் தொடங்கும் செரிமானம்: தமிழுக்கு வந்த வரலாறு

சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருந்தால் சற்று நேரத்தில் இனிப்புத் தட்டும். காவிரிப் படுகையில் மூன்று வேளையும் சோறு உண்டவர்களுக்கு இது தெரிந்ததே. காரணம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில்தான் விளங்கியது.

உமிழ்நீர் வரும் வழிகள் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தன. கீழ்த்தாடைச் சுரப்பியின் நாளத்தை இங்கிலாந்தின் தாமஸ் வார்ட்டன் 1656-இல் விவரித்தார். காதருகே உள்ள சுரப்பியின் நாளத்தை டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் 1660-இல் ஓர் ஆட்டுத் தலையை அறுத்தபோது கண்டார். 1831-இல் ஜெர்மானியரான லாய்க்ஸ், உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதைக் கண்டறிந்தார். இதைச் செய்யும் நொதியை 1845-இல் பிரான்சின் மியால் பிரித்தெடுத்தார். பழைய பாடநூல்களில் டயலின் என்றிருப்பதும் இன்று அமைலேஸ் எனப்படுவதும் அதுவே.

மாணவர்கள் இதை எளிதில் சோதிக்கலாம். ஆறிய வடிகஞ்சியை நீர்விட்டு இரு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் உமிழ்நீர் கலந்து கால் மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டால், உமிழ்நீர் கலக்காதது கருநீலமாகும். மற்றதில் அந்நிறம் மங்கும் அல்லது தோன்றாது.

சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழல் செரிமான நீர் எதையும் சுரப்பதில்லை. அதன் தசைகள் அலை அலையாகச் சுருங்கிக் கவளத்தைச் சில நொடிகளில் இரைப்பைக்குத் தள்ளுகின்றன. ஆயினும் அதை வெறும் குழாய் என்று ஒதுக்குவது சரியன்று. வாயில் கலந்த அமைலேஸ் வழியிலும் வேலை செய்கிறது. இரைப்பை அமிலம் கவளத்துக்குள் ஊறும்போதுதான் ஓய்கிறது.

இத்தகைய உடலியங்கியலைத் தமிழில் படிக்க வைத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் 60-க்கும் மேற்பட்டோரை மருத்துவராக்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860-களில் தமிழுக்கு மாறினார். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி இன்றும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்பதை நினைத்தால் அது எவ்வளவு துணிவான முடிவு என்பது புரியும். பாடநூல் இல்லாமல் வகுப்பு நடத்த முடியாதே! ஆகவே மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, கலைச்சொற்களை ஆக்கி நூல்களை மொழிபெயர்த்தார். உடலியங்கியலுக்கு அவர் வைத்த பெயர் 'சுகரணம்'. அச்சொல் இன்று வழக்கில் இல்லை.

1873-இல் தாயகம் திரும்பிய பின்னும் அப்பணியை அவர் விடவில்லை. டால்ட்டனின் உடலியங்கியல் நூல் 'மனுஷ சுகரணம்' என்ற பெயரில் 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கிறீன் காலமானார்.